பச்சையப்பரும் நம் பள்ளியும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நம் காஞ்சிப் பள்ளி யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்தப் பச்சையப்ப முதலியாரின் நினைவு நாள் மார்ச் 31. அது தேர்வுக் காலத்தில் வருவதால், கட்டுரைப் போட்டியையும் பழைய படக் கண்காட்சியையும் முன்கூட்டியே நடத்திவிட முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும் கட்டுரைகளில் பெரும்பாலும், "பச்சையப்பர் பள்ளிக்கூடம் கட்டினார்" என்பதே முதல் வரியாக இருக்கிறது. அது சரியல்ல. அவர் காலமாகி 47 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் அவர் பெயரில் முதல் பள்ளி திறந்தது. நடந்ததை வீட்டில் நீங்களே பிள்ளைகளுக்குச் சொன்னால் கட்டுரையும் திருந்தும். அதற்காகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

பச்சையப்பர் பிறந்தது 1754-இல். குடும்பத்துக்குப் பூர்வீகம் நம் காஞ்சிபுரம். தந்தை விசுவநாத முதலியார், மகன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். தாய் பூச்சியம்மாள் பெரியபாளையத்தில் அடைக்கலம் புகுந்து, பிறகு பிள்ளையோடு சென்னைக்கு வந்தார். அங்கே பவுனி நாராயண பிள்ளை என்ற துபாஷி பையனைத் தம் நிழலில் வளர்த்து, வணிகத்தையும் கற்றுக்கொடுத்தார். துபாஷி என்றால் இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதில்லை. வெள்ளைக்கார அதிகாரிக்குக் கடன் ஏற்பாடு செய்வது, சரக்கு வாங்குவது, கணக்கு எழுதுவது, உள்ளூராருடன் பேரம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. பச்சையப்பர் அதில் வேகமாக முன்னுக்கு வந்தார். தஞ்சை அரசோடும் அவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. 1794-இல், நாற்பது வயதில், திருவையாற்றில் காலமானார்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதினார். கோயில் திருப்பணி, பூசை, அன்னதானம், ஏழைகளுக்கு உதவி, வடமொழிப் பாடசாலை என்று தருமங்கள் அதில் இருந்தன. இங்கிலீஷ் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் இல்லை. கட்டுரையில் பிள்ளைகள் தவறாமல் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான்.

அப்படியானால் பள்ளி எப்படி வந்தது? அவர் கண்ணை மூடியதும் சொத்துக்காக வழக்கு தொடங்கியது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஓரிருவரை நம்பியிருந்தது. கண்காணிக்க ஒரு குழு கிடையாது. பணமோ பல பேர் கையில் கடனாக நின்றது. உறவினர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். விசாரிக்க வேண்டிய நீதிமன்றமும் ஒன்றாக இருக்கவில்லை: 1798 வரை மேயர் கோர்ட், அடுத்த மூன்று ஆண்டுகள் ரெக்கார்டர் கோர்ட், 1801 முதல் சென்னையின் சுப்ரீம் கோர்ட். இத்தனைக்கும் நடுவில் தருமம் எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. முதலோடு வட்டி மட்டும் சேர்ந்துகொண்டே போனது.

கடைசியில் அட்வகேட் ஜெனரலாக (அரசின் தலைமை வழக்கறிஞராக) இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதைக் கையில் எடுத்து, விடாமல் நடத்தினார். உயிலில் சொன்ன கோயில் தருமங்களுக்கு ஒரு லட்சம் வராகன் (அக்காலப் பொன் நாணயம்) தனியாக ஒதுக்கப்பட்டது. அதன் வட்டியில் அவை நடக்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சிய தொகை கல்விக்கு என்று தீர்மானமானது. அதை நிர்வகிக்கச் சென்னையின் இந்துப் பெரியவர்களைக் கொண்ட அறங்காவலர் குழு அமைந்தது. உயிலில் எது இல்லாமல் காரியம் கெட்டதோ, அந்தக் குழுவே பிறகு அதைக் காப்பாற்றியது. நம் பள்ளி வரலாற்றிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம் இது.

ஒரு கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளையை உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். சென்னை நாணயத்தில் 1 வராகன் 42 பணம், 1 பணம் 80 காசு. 1 ரூபாய்க்கு 12 பணம். 42-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். ஆக, ஒரு லட்சம் வராகன் மூன்றரை லட்சம் ரூபாய். பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில்தான்: 42-ஐ 80-ஆல் பெருக்கி, வந்த 3,360-ஐ ரூபாய் என்று எழுதிவிடுகிறார்கள். அது காசு. அதை 960-ஆல் (12 பணம் × 80 காசு) வகுத்தால் அதே மூன்றரை வரும். இரண்டு வழியிலும் போட்டு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள்.

1842 ஜனவரி 1 அன்று சென்னை பிராட்வேயில் முதல் பள்ளி திறந்தது. மிஷனரிகளும் அரசும் நடத்தாத பள்ளி அன்று புதுமை. எஸ்பிளனேடில் (இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலை) சொந்தக் கட்டடத்துக்கு 1846-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1850-இல் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் அதைத் திறந்துவைத்தார். ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றைப் பார்த்துக் கட்டிய பெருந்தூண்கள் அதில் உண்டு. சென்னைக்குப் போனால் என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடைகளுக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி 1889-இல் முதல் நிலைக் கல்லூரியாகவும், அதாவது பட்டப்படிப்பு வரை கற்றுத்தரும் கல்லூரியாகவும் வளர்ந்தது. கணித மேதை ராமானுஜன் 1906-இல் சேர்ந்து, எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு) தேர்வில் தவறியது அங்கேதான். அறிஞர் அண்ணா நம் காஞ்சிப் பள்ளியில் படித்தவர். குடும்பக் கஷ்டத்தால் இடையில் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்துவிட்டு, 1928-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்துப் பிள்ளைகளுக்கு என்றே தொடங்கிய ஏற்பாடு இது. கல்லூரியில் 1947 வரை மற்ற மதத்தாருக்கு இடமில்லை. இந்துக்களிலும் தாழ்த்தப்பட்டோராக ஒதுக்கப்பட்டவர்களுக்கு நெடுங்காலம் கதவு அடைத்தே இருந்தது. பிள்ளைகள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இதை எழுதினால் மதிப்பெண் குறையாது.

கண்காட்சிக்குத் தாத்தா காலத்து வகுப்புப் படம், மதிப்பெண் பட்டியல், பரிசுப் புத்தகம் எது இருந்தாலும் அனுப்புங்கள். அட்டையில் ஒட்டிய குழுப் படத்தை அட்டையிலிருந்து உரிக்க வேண்டாம். படத்தின் மேற்பூச்சு கிழியும், அடியில் எழுதிய பெயர்களும் போகும். லேமினேஷன் செய்யவே வேண்டாம், அந்தச் சூட்டில் பழைய படம் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். பின்பக்கம் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தெரியும், பென்சிலால் லேசாக எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை வரிசைப்படி, இடமிருந்து வலமாக, தனித் தாளில் குறித்து அனுப்புங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள், இதற்கு மட்டும் பிற்பாடு வழியில்லை.

மூலப் படத்தைப் பிரிய மனமில்லாதவர்கள், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர்மேலிருந்து கைபேசியில் எடுத்து அனுப்பலாம். நேரில் கொண்டுவருபவற்றை அலுவலகத்தில் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பெற்றதற்குச் சீட்டும் கொடுத்து, மறுநாளே திருப்பித் தந்துவிடுவோம். வேலை நாட்களில் காலை 10 மணி முதல் 12 மணிக்குள் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்