விமானத்தின் எடையையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானம் கிளம்புவதைப் பற்றி எழுதும்போதெல்லாம் இன்ஜினின் பலத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறீர்கள். எடை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

80 டன் விமானம் ஒன்று, அதன் இன்ஜின்கள் சேர்ந்து 2,40,000 நியூட்டன் தள்ளுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த விசையை 80,000 கிலோவால் வகுத்தால் முடுக்கம், அதாவது வேகம் கூடும் வீதம், 3 மீ/வி². பள்ளிக் கணக்கு இதோடு நின்றுவிடும். ஆனால் சக்கரங்களின் உராய்வு எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 16,000 நியூட்டன், பின்னால் இழுக்கிறது, மிச்சம் 2.8தான். அதுவும் தொடக்கத்தில் மட்டும். வேகம் ஏற ஏற காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், ஜெட் இன்ஜினின் உந்துவிசை கொஞ்சம் குறையும், அதே சமயம் இறக்கைகள் எடையைத் தாங்க ஆரம்பிப்பதால் சக்கர உராய்வும் தளரும். முடுக்கம் ஓடுபாதை நெடுக ஒரே மாதிரி இருப்பதே இல்லை.

சரி, அதே விமானத்தில் இன்னும் 8 டன் ஏற்றினால்? முடுக்கம் சுமார் 2.5 ஆக இறங்கும். அப்புறம், கனம் கூடியதால் மேலெழும்ப வேண்டிய வேகமும் 5 சதவீதம் போலக் கூடும். மெதுவாக வேகம் பிடிக்கிற விமானம்தான் அதிக வேகத்தையும் எட்டியாக வேண்டும், அதனால் 10 சதவீத எடைக்கு ஓடும் தூரம் 20 சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடுகிறது. நல்ல வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து இன்ஜின், இறக்கை இரண்டுமே சோர்ந்துபோவதால் தூரம் இன்னும் கூடும்.

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸ் ஏ340 விமானத்தின் எடையை 362.9 டன்னுக்குப் பதில் 262.9 என்று உள்ளிட்டுவிட்டார்கள். ஒரே ஓர் இலக்கம். அந்தக் குறைவான எடைக்குப் போதுமான உந்துவிசைதான் கணக்கில் வந்தது. வால் தரையில் உரசி, ஓடுபாதையின் முனையையும் தாண்டித்தான் விமானம் எழும்பியது. உயிர்ச்சேதம் இல்லை. 2004 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஒரு 747 சரக்கு விமானம் முந்தைய பயணத்தின் எடையை வைத்துக் கணக்கிட்ட உந்துவிசையோடு கிளம்பி நொறுங்கியதில் 7 பேரும் இறந்தார்கள். உந்துவிசையைப் பயணத்துக்குப் பயணம் மாற்றி வைப்பது வழக்கம் என்பதால், முடுக்கம் குறைவாக இருப்பதை விமானிகள் உடலால் உணர்ந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

அதனால்தான் கேட்கிறேன், இனி இப்படிப்பட்ட செய்திகளில் விமானத்தின் எடை, அன்றைய வெப்பநிலை, ஓடுபாதையின் நீளம் மூன்றையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்