நீல் போஸ்ட்மேனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

பேராசிரியர்கள் பொது வாசகர்களுக்காக எழுத ஆரம்பித்தால் ஆழம் போய்விடும் என்கிறது உங்கள் ஞாயிறு கட்டுரை. படித்ததும் எனக்கு நீல் போஸ்ட்மேன் நினைவுதான் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 40 ஆண்டுகளுக்கும் மேல் பாடம் நடத்தியவர். 1971இல் அங்கே ஊடகச் சூழலியலுக்கென்று, அதாவது ஊடகங்கள் நம் சிந்தனையையும் வாழ்க்கையையும் எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்வதற்கென்று, ஒரு பாடப்பிரிவையே தொடங்கினார். ஆனாலும் வெளியுலகம் அவரை அறிந்தது, தொலைக்காட்சியைப் பற்றி 1985இல் அவர் எழுதிய புத்தகத்தால்தான்.

அதில் ஓர் இடம். செய்தி வாசிப்பவர் ஒரு கொலையைச் சொல்லி முடிக்கிறார். உடனே முகம் மாறாமல் 'இப்போது அடுத்து' என்கிறார், விளம்பரம் ஓடுகிறது. அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டே ஒரு அத்தியாயம் எழுதிவிட்டார் மனிதர்! அதைப் படித்த பிறகு என்னால் பழையபடி செய்தி பார்க்க முடியவில்லை.

சரி, குறையே இல்லையா? உண்டு. அச்சு யுகத்தை ரொம்பவே தூக்கிப் பிடிப்பார். சில இடங்களில் சான்றைவிடத் தீர்ப்பு முந்திக்கொள்ளும். ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சண்டை போட என்னைப் போன்றவனுக்கும் முடிகிறது. ஆய்விதழில் கிடக்கும் கட்டுரையோடு நான் எங்கே போய்ச் சண்டை போடுவது?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்