மேஜிக் ரகசியங்களைக் காணொளியில் வெளியிடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

மேடை வித்தையைப் பாதியில் நிறுத்தி, பெட்டியின் மறைவிடத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுகிறீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்காரின் நினைவு வருகிறது.

1913இல் இன்றைய வங்கதேசத்தின் டாங்காயில் பகுதியில் பிறந்து, கணபதி சக்கரவர்த்தியிடம் வித்தை பயின்று, ‘இந்திரஜாலம்’ நிகழ்ச்சியோடு உலகைச் சுற்றிவந்த அவர், 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசி தொலைக்காட்சியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் தம் உதவியாளரான இளம்பெண்ணை மேசையில் கிடத்தி, சுழலும் ரம்பத்தால் அறுத்தார். பிறகு அந்தப் பெண்ணின் கைகளைத் தேய்த்துவிட்டுப் பெயர் சொல்லி அழைத்தார், பதில் இல்லை. சர்க்கார் தலையை அசைத்து, அந்த முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினார். உடனே தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவுக்கு முன்வந்து நிகழ்ச்சியை முடித்துவைத்தார். கண்ணெதிரே கொலை நடந்துவிட்டதென்று பதறிய நேயர்களின் அழைப்புகளில் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. இத்தனைக்கும் அது புதிய வித்தை அல்ல. 1921இலேயே செல்பிட் என்ற வித்தைக்காரர் லண்டன் மேடையில் பெண்ணை அறுத்துக் காட்டிவிட்டார். 35 ஆண்டுப் பழைய வித்தையால் ஒரு நாட்டையே நடுங்கவைத்தது, எந்த நொடியில் எதை நிறுத்துவது என்று சர்க்கார் அறிந்திருந்ததுதான். அதை எந்த வட்டமிட்டும் காட்ட முடியாது.

வித்தை நுட்பங்களை அவரே நூல்களாக எழுதியவர் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவை கற்கத் தேடி வந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. வியப்பதற்காக வந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதில் வலியப் போய்ச் சொன்னவை அல்ல.

1971 ஜனவரி 6 அன்று ஜப்பானின் ஹொக்கைடோவில், மேடை நிகழ்ச்சியை முடித்த சற்று நேரத்தில் மாரடைப்பால் அவர் இறந்தார். அந்த அளவுக்குப் புகழ் இல்லாத கலைஞர்கள் இன்றும் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் கைவசமுள்ள சில வித்தைகளைக் கொண்டே குடும்பம் நடத்துகிறார்கள். அவற்றில் ஒன்று உங்கள் காணொளியில் அம்பலமானால், முன்வரிசைச் சிறுவன் மறுநாளே எழுந்து ரகசியத்தைக் கத்துகிறான். புதிய கருவி வாங்கவும் அதில் கை பழகவும் ஆகும் செலவும் காலமும் அந்தக் கலைஞரின் தலையில்தான் விழுகின்றன.

வெறுங்கையில் திருநீறு வரவழைத்து, அதைத் தெய்வசக்தி என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களை அம்பலப்படுத்துங்கள்; உங்கள் பக்கம் நிற்பேன். தாம் செய்வது வித்தை என்று ஒப்புக்கொண்டே மேடையேறுபவர்களின் ரகசியங்களை மட்டும் வெளியிடாதீர்கள். ஏற்கெனவே வெளியிட்டவற்றை நீக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு மேஜிக் ரசிகன்