கொழுஞ்சி விதைத்த ஆண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. அடைமழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. மற்றபடி இந்த ஆண்டு முழுக்க, பசுந்தாள் உரத்துக்காக நம் நிலங்களில் விதைத்த கொழுஞ்சிச் செடிதான்.

"வரப்பில் கிடக்கிற களைக்கு ஒரு திட்டமா? அதுவும் பார்த்தீனியம் மாதிரி வெளியிலிருந்து வந்ததுதானே?" என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். இல்லை ஐயா. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொழுஞ்சி நம் மண்ணுக்குச் சொந்தம். ஆப்பிரிக்காவின் கிழக்கில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று வட ஆஸ்திரேலியா வரை தானாகவே முளைக்கிறது. 1753இல் தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இதைப் பதிவு செய்தபோது இலங்கையைத்தான் இதன் இடமாகக் குறித்தார். ஹவாய்த் தீவுகளில் இதை நசுக்கித் தண்ணீரில் கலந்து, மயங்கும் மீன்களைப் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் ஆடுமாடுகளும் இதில் அவ்வளவாக வாய் வைப்பதில்லை. வேலியில்லாத மானாவாரிக் காட்டுக்கு இது பெரிய வசதி.

பள்ளிப் பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துப் போனோம். கொழுஞ்சியின் சிற்றிலையை நுனியில் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது. அம்பின் வால் போலப் பிளந்து வரும். வடமொழியில் சரபுங்கம் என்று பெயர் வந்தது அதனால்தான். அன்று அந்த வரப்பில் ஒரு செடியும் முழு இலையோடு தப்பவில்லை என்பது வேறு கதை. வேர்முடிச்சைக் கிள்ளிக் காட்டினேன், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) முடிச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்புறம், முதல் விதைப்பு முளைக்காமல் போனதற்கு நானே பொறுப்பு. இந்த விதைக்குத் தோல் கடினம். மணலோடு சேர்த்துத் தேய்க்காமல் போட்டால் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். தேய்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் முறை தேய்த்து விதைத்தோம், செம்மண் நிலங்களில் நன்றாக வந்தது. ஏரிக்கரைக்குக் கீழே உள்ள பள்ளக்காட்டில் அழுகிவிட்டது. தண்ணீர் தேங்கும் இடத்துக்கு இன்னொரு பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டே சரி.

வரப்பு செதுக்குவோர் காய்கள் முற்றும்வரை பொறுத்திருக்க வேண்டுகிறேன். ஊதாப் பூ உதிர்ந்து, தட்டையான காய் பழுப்பானதும் பறித்து என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டால் போதும். தேய்க்கிற வேலை இந்த முறை என்னுடையது.

இப்படிக்கு,
செயலாளர்