லிப்டில் ஏற முதல் நிலத்தைப் பார்க்க வேண்டும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்தது பெரிய ஆறுதல். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். வேலையிடத்தில் நடந்த ஒன்றுதான் மனதை விட்டுப் போகவில்லை.

போன மாதம் எங்கள் சைட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சிசர் லிப்ட், அதுதான் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து ஆள் நிற்கும் தட்டை மேலே தூக்கும் சில்லு வண்டி, சரிந்துவிட்டது. மேலே நின்ற பெடியன் ஹட்டனிலிருந்து வந்தவன். உயிர் தப்பிவிட்டான், ஆனால் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் ஓரத்தில் சாய்ந்ததால்தான் விழுந்தது என்று கதை கட்டினார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்துச் சில்லுகள் நின்றது மண் மூடிய பழைய வடிகானுக்கு மேலே. ஸ்லாப் உடைந்து முன் சில்லு பாதிக்கு மேல் உள்ளே இறங்கியிருந்தது. சரிவைச் சொல்லும் அலாரத்தின் வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அடிக்கடி கத்துகிறதாம்! எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சதுப்பை நிரப்பிக் கட்டின ஊர் இது, உனக்குத் தெரியாததா. 26 அடி உயரம் போகும் லிப்ட் ஏறக்குறைய 2 தொன் பாரம், அகலமோ 32 அங்குலம்தான். ஒரு பக்கம் 1 அங்குலம் தாழ்ந்தால், உச்சியில் தட்டு கிட்டத்தட்ட 10 அங்குலம் வெளியே போய்விடும். கீழே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் காற்று. கட்டடத்துக்குள் 2 பேர் ஏறலாம், வெட்டவெளியில் 1 ஆள்தான் என்று பல லிப்டுகளின் தகட்டிலேயே எழுதியிருக்கும். வெளி வேலைக்கென்று செய்தவற்றுக்கும் பொதுவாக மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றுத்தான் எல்லை. சிலவற்றை வெளியே கொண்டுபோகவே கூடாது. 2010இல் அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், விளையாட்டுப் பயிற்சியைப் படம் பிடிக்க ஏறிய மாணவன் ஒருவன் பலத்த காற்றில் லிப்ட் விழுந்து இறந்துபோனான். இங்கே தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது கடற்கரைப் பக்கம் பெரிய விளம்பரப் பலகையோடு ஏற்றுகிறார்கள். அந்தப் பலகை காற்றைப் பாய்மரம் மாதிரி வாங்கும், மச்சான்.

பெடியன் நாட்கூலி என்பதால் ஒன்றும் கிடைக்காது என்று அவன் அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை. வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. மருத்துவ அறிக்கையையும் சம்பளத் துண்டுகளையும் சேர்த்து, நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

நீ டோஹாவில் லிப்ட் ஓட்ட முறையாகப் பழகி, பரீட்சை எழுதி, அட்டை எடுத்தவன். இங்கே பெடியன்களுக்குச் சாவியைக் கொடுத்து ஏறு என்கிறார்கள், அவ்வளவுதான். நீண்ட கையின் நுனியில் கூடை இருக்கும் பூம் லிப்டில் பெல்ட் கொக்கியைக் கூடைக்குள் இருக்கும் வளையத்தில்தான் மாட்ட வேண்டும், பக்கத்துத் தூணில் மாட்டக் கூடாது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. தீபாவளிக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாக நில். எங்கள் ஆட்களை நான் கூட்டி வைக்கிறேன், நீ லிப்டைச் சுற்றி நடந்து காட்டிச் சொல்லிக் கொடு. எந்தக் கிழமை வசதி என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி