நாற்சந்தியில் மட்டும் ஓசோனை அளக்காதீர்கள்

நகரங்களின் காற்றைக் கண்காணித்து எச்சரிக்கை வெளியிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மகளுக்கு ஆஸ்துமா. அவளை விளையாட அனுப்பும் முன் காற்றுத் தர எண்ணைப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். புகைமூட்டமான நாட்களில் நாங்களே உஷாராகிவிடுவோம். ஏமாந்துபோவது வானம் பளிச்சென்று இருக்கும் வெயில் நாட்களில்தான். மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயுவான ஓசோன் குறைவு என்று நாற்சந்தியில் உள்ள கருவி காட்டும். ஊர் ஓரத்து மைதானத்துக்குப் போனவள் மூச்சிரைக்கத் திரும்புவாள். ஏன் இப்படி என்று தேடிப் படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. காற்றில்தான் உருவாகிறது. எரிபொருள் எரியும் இடமெல்லாம் கிளம்பும் நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒன்றான நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. மிச்சமிருக்கும் நைட்ரிக் ஆக்சைடோ அந்த ஓசோனைத் தின்று, மறுபடி டை ஆக்சைடாக மாறிவிடும். கதை இத்தோடு நின்றால் ஓசோன் பெரிதாகச் சேராது. பெட்ரோல் ஆவி, பெயின்ட், தின்னர் போன்றவற்றிலிருந்து வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் நடுவில் புகுந்துதான் கணக்கைக் கெடுக்கின்றன. வெயிலில் அவை சிதையும்போது உண்டாகும் மூலக்கூறுத் துண்டுகள் நைட்ரிக் ஆக்சைடைத் தாமே டை ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. அப்புறம் ஓசோனைத் தின்ன ஆளில்லை. அது குவிகிறது.

நாற்சந்தியில் எண் குறைவதும் இதனால்தான். வண்டிகளிலிருந்து அப்போதுதான் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அங்கே ஓசோனை உடனுக்குடன் தின்றுவிடுகிறது. அதே காற்று சில மணி நேரம் வெயிலில் கிடந்து நகர்ந்து, காற்று வீசும் திசையில் ஊர் எல்லையைத் தாண்டும்போது ஓசோன் ஏறியிருக்கும். என் மகள் விளையாடும் மைதானம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கருவி அங்கே இல்லை.

இது புதிய அறிவும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டம் வண்டிப் புகையும் எரிபொருள் ஆவியும் வெயிலும் சேர்ந்து உண்டாவது என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். ஓசோன் பட்டு ரப்பர் துண்டுகள் வெடிப்பு விடுவதை வைத்தே அதை அளந்த காலம் அது.

வானிலையின் பங்கும் பெரிது. வெப்பம் ஏறினால் வேதிவினைகள் வேகமெடுக்கும், எரிபொருள் அதிகமாக ஆவியாகும், மரங்களும் ஐசோப்ரீன் என்ற கரிம ஆவியைக் கூடுதலாக வெளியிடும். (இதற்காக மரத்தைக் குறை சொல்லாதீர்கள். நம் நைட்ரஜன் ஆக்சைடு இல்லாமல் அந்த ஆவியால் ஓசோன் சேராது.) காற்று அசையாமல், மேலே சூடான அடுக்கு மூடிபோல் நின்றுவிட்டால் எல்லாம் தரையோடு தேங்கும். அமெரிக்காவின் வயோமிங்கில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உள்ள பள்ளத்தாக்கில் குளிர்காலத்திலேயே ஓசோன் ஏறியது. பனித்தரை வெயிலைத் திருப்பி அடித்ததும், குளிர்ந்த காற்று மேலே போகாமல் தங்கியதும்தான் காரணம். ஆகவே கோடை முடிந்ததும் கண்காணிப்பைத் தளர்த்துவது சரியில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு மிகுந்த நகர மையத்தில் அதை மட்டும் கொஞ்சம் குறைத்தால், ஓசோனைத் தின்ன ஆள் குறைந்து, ஓசோன் முதலில் ஏறக்கூடும். லாரிகள் குறையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சில நகரங்களில் இப்படி நடந்திருக்கிறது, 2020 ஊரடங்கிலும் பல நகரங்களில் நடந்தது. வண்டிப் புகையை விட்டுவிடலாம் என்று யாரும் இதற்கு அர்த்தம் சொல்லிவிடக் கூடாது. கரிமச் சேர்மங்களையும் கூடவே குறைக்க வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடை ஆழமாகக் குறைக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்து ஆவியைப் பிடிக்கும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 8 மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வழிகாட்டி அளவு வைத்திருக்கிறது. 24 மணி நேரச் சராசரியை நீங்கள் காட்டினால் இரவின் குறைந்த அளவு மத்தியான உச்சத்தை மறைத்துவிடும். சாதாரண முகக்கவசம் இந்த வாயுவைத் தடுக்காது. அந்த உச்ச நேரத்தில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது ஒன்றே எங்களால் முடிந்தது, அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

காற்று போகும் திசையில், ஊர் எல்லையில் ஒரு கருவி வையுங்கள். மறுநாள் மத்தியானம் ஓசோன் ஏறும் என்றால் முந்தின நாள் மாலையே சொல்லிவிடுங்கள். காலையிலேயே அவளைக் கூட்டிப்போய் விளையாட வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மா