சேகருக்கு, லாக் கோப்பு விஷயமாக

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். வர முடியவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிடு, நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம்: லினக்ஸில், சி நிரலிலிருந்து, ஒரு டைரக்டரியில் (கோப்புகள் இருக்கும் அடைவு) உள்ள '.லாக்' கோப்புகளை மட்டும் எப்படி எடுப்பது என்பது. டர்போ சி காலத்தில் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் தந்த ஃபைண்ட்ஃபர்ஸ்ட், ஃபைண்ட்நெக்ஸ்ட் ஃபங்ஷன்கள் லினக்ஸில் கிடைக்காது. சி மொழியின் தரத்தில் டைரக்டரி என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. லினக்ஸில் ஓப்பன்டிர் போட்டுத் திற, 'இனி இல்லை' என்று காட்டும் நல் பாயிண்டர் வரும்வரை, ஒவ்வொரு பெயராகத் தரும் ரீட்டிரைக் கூப்பிடு, குளோஸ்டிர் போட்டு மூடு. அன்றைக்கு, 'எந்த எழுத்தும் வரலாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை ஃபைண்ட்ஃபர்ஸ்டிடமே கொடுத்துவிடுவோம். இங்கே எல்லாப் பெயரும் வரும், சலித்தெடுப்பது உன் பொறுப்பு.

அதற்கு நீ போட்டிருக்கும், ஒரு சொல்லுக்குள் இன்னொன்றைத் தேடும் ஸ்ட்ர்ஸ்ட்ர் வேண்டாம். '.லாக்' பெயரின் நடுவில் இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். சுருக்கி வைத்த பழைய 'ஆப்.லாக்.ஜிஇசட்'டும் சேர்ந்து வரும். பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கும் எஃப்என்மேட்ச் போடு. ஷெல்லில் (கட்டளை தட்டும் இடம்) எழுதும் நட்சத்திரம், கேள்விக்குறி எல்லாம் அதற்குப் புரியும். பொருந்தினால் பூஜ்யம் தரும், சி-யில் பூஜ்யம் என்றால் 'பொய்', அதனால் இஃப் எழுதும்போது கவனம்.

இன்னொன்று, ரீட்டிர் தரும் டி_நேம் வெறும் பெயர்தான், பாதை கிடையாது. அது கோப்பா டைரக்டரியா என்று பார்க்க கோப்பின் விவரம் சொல்லும் ஸ்டாட்டிடம் அப்படியே கொடுத்தால், பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையில் கண்ணெதிரே தெரியும் கோப்பை 'இல்லை' என்று சாதிக்கும். முன்னால் டைரக்டரி பெயரை எஸ்என்பிரிண்ட்எஃப்பால் ஒட்டிக் கொடு. ரீட்டிர் கூடவே தரும் வகைக் குறிப்பான டி_டைப்பே போதும் என்பார்கள். சில ஃபைல்சிஸ்டம்களில் அது 'தெரியாது' என்றுதான் வரும், அதை மட்டும் நம்பாதே.

இவ்வளவும் சொன்னாலும், உன் வேலைக்கு குளோப் என்ற ஃபங்ஷன் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். பாதையும் நட்சத்திரமும் சேர்த்துக் கொடுத்தால் பொருந்துவதைப் பாதையோடு, வரிசைப்படுத்தியே தரும். ரீட்டிரில் வரிசையை எதிர்பார்க்க முடியாது. முடிந்ததும் குளோப்ஃப்ரீ போட்டு மெமரியை விடுவி. குளோப் பழைய ஆசாமி. 1971-ம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டிலேயே தனி நிரலாக இருந்தது, ஷெல்லே அதைக் கூப்பிட்டுத்தான் நட்சத்திரத்தை விரித்துக்கொண்டது. ஆனால் இன்றைய குளோப் முழுப் பட்டியலையும் மெமரியில் வைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கில் கோப்பு சேரும் டைரக்டரி என்றால் ரீட்டிருக்கே போ.

உன் நிரலைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன், ஓட்டிப் பார்த்துச் சொல். அப்புறம், அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அன்புடன்,
குமார்